ஜிகினா ஒட்டாத மேளம்

அங்கன்வாடியில் கண்காட்சி என்றால் எனக்கு இப்போதும் எரிச்சல்தான் வரும். மேசைமேல் வெள்ளைத் துணி விரித்து வரிசையாகக் கருவிகளை அடுக்கியிருப்பார்கள். தெர்மோகோலில் வெட்டிய வீணை, ஐஸ் குச்சி கிடார், ஜிகினாத் தாள் சுற்றிய டப்பா மேளம். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு பிள்ளையின் பெயர் எழுதிய சீட்டு. செய்தது என்னவோ முந்தின ராத்திரி கண்விழித்த அம்மாக்கள்தான். அந்த வீணையில் தந்தி கிடையாது, நூலைப் பசை தடவி அட்டையோடு ஒட்டியிருப்பார்கள். மேளத்தைத் தட்டிப் பார்க்கப்போன பிள்ளையின் கையில் அடி விழும். "தொடாத, மேடம் வர்ற நேரம்!"

தட்டக்கூடாத மேளத்தை எதற்குச் செய்ய வேண்டும்?

உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் போகும் சாலையில், கொஞ்சம் உள்ளே தள்ளியிருக்கும் ஓர் ஊரில் அங்கன்வாடிப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். சத்துமாவு, எடை பார்ப்பது, தடுப்பூசி நாள், பதிவேடுகள் போக மிஞ்சிய நேரத்தில்தான் பிள்ளைகளோடு உட்கார முடியும். அந்த மிஞ்சிய நேரத்தில் கற்றுக்கொண்டதை வைத்துச் சொல்கிறேன்: சின்னப் பிள்ளைக்கு இசைக்கருவி செய்து கொடுக்காதீர்கள். அதுவே செய்யட்டும். கோணலாகச் செய்யட்டும். சத்தம் வரவில்லையென்றால் ஏன் வரவில்லை என்று அதுவே நோண்டட்டும். சாயங்காலத்துக்குள் அது உடைந்துபோனால் ரொம்ப நல்லது, நாளைக்கு இன்னொன்று செய்யலாம்.

பூவரச இலையில் பீப்பீ ஊதாத கிராமத்துப் பிள்ளை முன்பெல்லாம் கிடையாது. இப்போது இருக்கிறார்கள், அதுவும் பூவரச மரத்தடியிலேயே. செய்வது சுலபம் என்று பெரியவர்கள் நினைக்கிறார்கள். நாலு வயதுப் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் அதில் எத்தனை சூட்சுமம் இருக்கிறது என்று தெரியும். தளிர் இலை துவண்டுவிடும், முற்றிய இலை மடிக்கும்போதே கிழியும். நடுவாந்தர இலையாகத் தேட வேண்டும். காம்பைக் கிள்ளிவிட்டு ஓர் ஓரத்திலிருந்து இறுக்கமாகச் சுருட்ட வேண்டும். வாயில் வைக்கிற முனையை விரலால் லேசாக நசுக்க வேண்டும். நசுக்காவிட்டால் வெறும் காற்றுதான் வரும். அதிகம் நசுக்கினால் காற்றே போகாது. இந்த 'லேசாக' என்பதை வாயால் சொல்லிக் கொடுக்க முடியாது. பிள்ளை இலையைக் கிழித்துக் கிழித்து, கன்னம் உப்பி, எச்சில் தெறித்து, திடீரென்று ஒரு கணத்தில் 'பீ...' என்று கேட்கும். தான்தான் ஊதினோம் என்பதை நம்பாமல் திரும்பிப் பார்க்கிற பிள்ளைகள் உண்டு.

என் மாமனார் கூத்து ஜமாவில் முகவீணை ஊதியவர். பங்குனி, சித்திரையில் திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்து என்றால் வீட்டில் ஆளைப் பிடிக்க முடியாது. பகலில் ஓய்வாக இருக்கும்போது மையத்துத் திண்ணையில் வந்து உட்காருவார். சீவாளியை நாக்கில் வைத்து ஈரமாக்கிக்கொண்டே பிள்ளைகள் இலை சுருட்டுவதைப் பார்ப்பார். "நானும் இத்ததாம்மா ஊதறேன். நம்மளுது கொஞ்சம் காசு ஜாஸ்தி, அவ்ளோதான்" என்பார். உண்மையும் அதுதான். நாகஸ்வரமோ முகவீணையோ, வாயில் வைக்கிற சீவாளியின் இரண்டு தட்டைகளும் காற்றில் படபடத்து ஒன்றையொன்று தட்டுவதால்தான் சத்தம் பிறக்கிறது. நசுக்கிய பூவரச இலையின் இரண்டு உதடுகளும் அதே வேலையைத்தான் செய்கின்றன. ஊதிக்கொண்டிருக்கும் பீப்பீயின் நுனியைக் கொஞ்சம் கிள்ளினால் சத்தம் கீச்சாகும். இன்னும் கிள்ளினால் இன்னும் கீச்சு. ஒரு பிள்ளை இதைக் கண்டுபிடித்துவிட்டால் அன்றைக்கு மரத்தில் இலை மிஞ்சாது.

கூத்தை ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாடமாகவே சொல்லிக்கொடுத்த பள்ளி நம் மாவட்டத்திலேயே இருந்தது. காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் கட்டைக்கூத்துச் சங்கத்தின் பி. ராஜகோபாலும் ஹன்னே டி புருயினும் 2002 முதல் 2020 வரை கட்டைக்கூத்துக் குருகுலத்தை நடத்தினார்கள். பள்ளிப் படிப்போடு பாட்டும் ஆட்டமும் வாத்தியமும் அங்கே சேர்ந்தே நடந்தன. அந்த அளவுக்கு எல்லா ஊரிலும் செய்ய முடியாது. ஆனால் அதற்கு முந்தைய படி ஒன்று இருக்கிறதே, சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கையால் தெரிந்துகொள்கிற படி. அதற்குக் கட்டடமும் வேண்டாம், குருவும் வேண்டாம்.

தண்ணீர் குடிக்கிற எவர்சில்வர் டம்ளர்களே போதும். ஒன்றில் கால், ஒன்றில் அரை, ஒன்றில் முக்கால் தண்ணீர் ஊற்றி, கரண்டிக் காம்பால் தட்டச் சொல்லுங்கள். தண்ணீர் ஏற ஏறச் சத்தம் தடித்து இறங்கும். கப்புகளில் தண்ணீரைக் கூட்டிக் குறைத்து ஜலதரங்கம் வாசித்த சீதா துரைசாமி போன்ற மேதைகளின் வித்தைக்கும் அடிப்படை இதுவேதான். இப்போது அதேபோல் தண்ணீர் ஊற்றிய கண்ணாடிப் பாட்டிலின் வாயில் உதட்டை வைத்து ஊதச் சொல்லுங்கள். தண்ணீர் ஏற ஏறச் சத்தம் மெலிந்து மேலே போகும்! தட்டினால் இறங்குகிறது, ஊதினால் ஏறுகிறது. தட்டும்போது அதிர்வது பாத்திரம், தண்ணீர் அதற்குப் பாரமாகிறது. ஊதும்போது அதிர்வது உள்ளே இருக்கிற காற்று, தண்ணீர் ஏறினால் காற்றுக்கு இடம் குறைகிறது. இந்த விளக்கத்தை ஐந்து வயதில் சொல்ல வேண்டியதில்லை. "அது ஏன் டீச்சர் மாறிப்போச்சு?" என்று பிள்ளை கேட்டுவிட்டால் போதும். பதில் ஆறாம் வகுப்பிலோ எட்டாம் வகுப்பிலோ வந்து சேரட்டும். கேள்வி முதலில் வந்துவிட்டது அல்லவா?

இதெல்லாம் ஏதோ புதுக் கல்வி முறை என்று யாராவது சொன்னால் பெரும்பாணாற்றுப்படையைக் காட்டுவேன். காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனிடம் பரிசு பெற வழி சொல்கிற பாட்டு அது, கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது. காஞ்சிக்குப் போகிற அந்த வழியில் மாடு மேய்க்கிற ஒருவன் வருகிறான். தீக்கடைகோலால் துளை சுட்டுக் குழல் செய்து ஊதுகிறான். அது சலித்துப்போனதும் குமிழ மரத்தின் உள்ளீடற்ற கொம்பை வளைத்து, மரல் நாரை முறுக்கிக் கட்டி, வில்யாழ் செய்து வாசிக்கிறான். வண்டுகள் அதைத் தங்கள் இனத்தின் ஒலியென்று நினைத்துக் காது கொடுக்கின்றனவாம். ஒன்று சலித்ததும் கையில் கிடைத்ததை வைத்து அவனாகவே இன்னொன்று செய்துகொள்கிறானே, அந்த இடம்தான் எனக்குப் பிடித்தது. அந்த மரல்தான் மருள். இன்றைக்கு நகரத்து நர்சரிகளில் அந்த இனச் செடியைத் தொட்டியில் வைத்து வரவேற்பறை அழகுக்கு விற்கிறார்கள்.

குப்பையிலிருந்து பொம்மை செய்வதை நாடு முழுக்கப் பரப்பிய அரவிந்த் குப்தாவுக்கு 2018இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். உறிஞ்சுகுழலின் முனையைக் கூராக வெட்டி நசுக்கி ஊதுகிற அவருடைய பீப்பீ பிரசித்தம். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் உறிஞ்சுகுழலுக்குத் தடை, அது சரியான தடைதான். நமக்கு நஷ்டமும் இல்லை, இலை இருக்கிறது. பராகுவேயில் கத்தேயுரா என்ற குப்பைமேட்டு ஊரில் எண்ணெய் டின்னிலும் தகரத்திலும் செய்த வயலின்களோடு பிள்ளைகளின் இசைக்குழு ஒன்று உலகமெல்லாம் போய் வாசித்தது. பெருமையான காரியம். ஆனாலும் அங்கே கருவிகளைச் செய்து தந்தவர்கள் பெரியவர்கள். நல்ல கருவி வாங்க வழியில்லாததால் அப்படிச் செய்தார்கள். நான் சொல்வது ஏழைக்கான மாற்று ஏற்பாடு இல்லை. கீபோர்டு வாங்கித் தர வசதியுள்ள வீட்டுப் பிள்ளையும் முதலில் இலையைச் சுருட்ட வேண்டும். கீபோர்டில் பொத்தானை அழுத்தினால் சத்தம் வருகிறது, ஏன் வருகிறது என்பதைப் பெட்டி மூடி வைத்திருக்கிறது.

பெற்றோர் தரப்பில் முதலில் வருகிற புகார் சத்தம். பக்கத்துத் தெருக்காரர்கூட வந்து சொல்வார். கல்குவாரி லாரிகள் நாள் முழுக்க ஊரைக் குலுக்கிக்கொண்டு போகின்றன, கோயில் ஒலிபெருக்கி விடியுமுன் தொடங்குகிறது, அதையெல்லாம் தாங்குகிற காது பத்துப் பிள்ளைகள் கொட்டாங்குச்சி தட்டுவதைத் தாங்காதா? சோற்று நேரத்துக்கு முன்னால் அரைமணி என்று நேரம் வைத்துக்கொண்டால் புகார் தானாக நின்றுவிடும். பிள்ளைகளுக்கும் நிறுத்துகிற நேரம் பிடிபடும். எல்லாரும் ஒன்றாக நிறுத்துவதும் தாளம்தான்.

இரண்டாவது புகார் மெதுவான குரலில் வரும். "டீச்சர், எங்க வூட்டுப் பிள்ளய மோளம் அடிக்க வுடாதீங்க. அது அவங்க வேல." ஊரும் காலனியும் சேர்ந்து படிக்கிற மையம் எங்களுடையது. பால் டின்னில் காகிதம் கட்டித் தட்டியதற்கே ஒரு அப்பா இப்படி வந்து நின்றார். அவருடைய மூத்த மகள் அரசுப் பள்ளிக் கலை நிகழ்ச்சியில் பறைக்கு ஆடியபோது முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டியவரும் அவரேதான். மேடையில் ஏறினால் கலை, திண்ணையில் தட்டினால் சாதி. நான் அவரிடம் வாதாடவில்லை. நாளைக்கு நீங்களும் வந்து ஒரு டின் கட்டிக் கொடுங்கள் என்றேன். அவர் வரவில்லை. பிள்ளை வந்தது, தட்டியது. வாசிக்கிறவருக்குப் பொன்னாடை போர்த்திவிட்டு, தோலைப் பதப்படுத்திக் கட்டுகிறவரைத் தள்ளி நிற்க வைக்கிற வழக்கத்தை உடைக்க நாலு வயதைவிட நல்ல வயது எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவது புகார் ஆபத்து. இதை நான் முழுக்க ஒப்புக்கொள்கிறேன். கிலுகிலுப்பைக்குள் போட அழகாக இருக்கிறதே என்று குன்றிமணியை எடுக்காதீர்கள், அது விஷம். ஆமணக்கு விதையும் அப்படியே. அரளிக் குச்சியைக் குழலாக்கி வாயில் வைக்க விடக்கூடாது. பப்பாளிக் காம்பு நல்ல ஊதுகுழல்தான், ஆனால் அதன் பால் உதட்டைப் புண்ணாக்கும். வெட்டிக் கழுவிக் காயவைத்த பிறகே கொடுக்க வேண்டும். பலூன் தோலை டப்பாவில் கட்டினால் மேளம் நன்றாகப் பேசும், கிழிந்த துண்டு சின்னப் பிள்ளையின் தொண்டையை அடைத்துவிடும். எங்கள் மையத்தில் பலூனுக்கு இடமில்லை, பசை தடவிய காகிதம்தான். மூன்று வயதுக்குக் கீழே இருக்கிற பிள்ளைகளுக்குப் புளியங்கொட்டை, கூழாங்கல்லை வெளியே விட்டு வைக்காமல், டப்பாவுக்குள் போட்டு மூடியைப் பெரியவர்களே இறுக்கி ஒட்டிவிட வேண்டும். அதைவிட நல்லது காய்ந்த மே ஃபிளவர் நெற்று. விதைகள் உள்ளேயே கலகலக்கும், ஆட்டினால் போதும், அது இயற்கையே மூடிக் கொடுத்த கிலுகிலுப்பை. வெடித்துப் பிளந்ததை மட்டும் எடுத்து எறிந்துவிடுங்கள்.

தமிழ்நாட்டில் 54,000க்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. இவற்றுக்குப் பிளாஸ்டிக் மேளமும் பேட்டரி பியானோவும் வாங்கி அனுப்பலாம் என்று யாருக்காவது யோசனை வந்தால், தயவுசெய்து வேண்டாம். பேட்டரி தீர்ந்த மறுநாள் அவை அலமாரிக்குள் போய்விடும், ஸ்டாக் பதிவேட்டில் மட்டும் உயிரோடு இருக்கும். கண்காட்சி வைத்தே தீர வேண்டுமென்றால் மேசையைத் தூக்கிவிட்டுத் தரையில் இலையும் டின்னும் கொட்டாங்குச்சியும் குவித்து வையுங்கள். வந்திருக்கிற மேடமும் பெற்றோரும் தரையில் உட்காரட்டும், பிள்ளைகள் அவர்களுக்குச் செய்யச் சொல்லிக் கொடுக்கட்டும். பீப்பீயில் சத்தம் வராமல் ஓர் அதிகாரி திணறுவதைப் பார்க்கிற சந்தோஷம் பிள்ளைகளுக்கும் கிடைக்க வேண்டாமா?

ஊராட்சிகளிடம் கேட்பது ஒன்றுதான். சாலையை அகலப்படுத்தவும் குளக்கரையைக் கட்டவும் வெட்டிய பூவரச மரங்களுக்குப் பதிலாக ஒவ்வொரு மையத்தின் வாசலிலும் ஒன்று வையுங்கள். ஆடியில் ஒரு போத்து வெட்டி நட்டாலே துளிர்த்துவிடும், அதற்கு நர்சரியும் வேண்டாம், டெண்டரும் வேண்டாம். ஆடு கடிக்காமல் சுற்றி நாலு முள் வைத்தால் போதும்.