பழி சுமந்த ரசிகர்கள்

கால்பந்துப் பந்தயத்தில் காலித்தனம் நடந்தால் பத்திரிகைகள் அதைக் கண்டிக்க வேண்டும். ஆனால், காலிகள் சிலர் செய்த குற்றத்துக்காக, பந்தயம் பார்க்க வருகிற எல்லோரையும் காலிகள் என்று நினைத்துவிட்டால் என்ன ஆகும்? இங்கிலாந்தில் நடந்த ஒரு கொடுமை இதற்குப் பதில் சொல்லும்.

1985-ம் ஆண்டு மே 29-ந் தேதி, பெல்ஜியம் நாட்டுத் தலைநகரான பிரஸ்ஸெல்சில் ஒரு பந்தயம். இங்கிலாந்தின் லிவர்பூல் அணியும் இத்தாலியின் யுவெண்டஸ் அணியும் மோத இருந்தன. லிவர்பூல் ரசிகர்களில் ஒரு கூட்டம், எதிர் அணி ரசிகர்கள் மீது பாய்ந்தது. அவர்கள் மிரண்டு ஓடினார்கள். நெரிசலில் சுவர் இடிந்தது. 39 பேர் மாண்டார்கள். அது காலித்தனம்தான். சந்தேகம் இல்லை.

நான்கு ஆண்டுகள் சென்றன.

இரும்பு வேலி

1989-ம் ஆண்டு ஏப்ரல் 15-ந் தேதி, ஷெப்பீல்டு நகரின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் லிவர்பூல் அணி மீண்டும் ஆடியது. வாசலில் பெருங்கூட்டம். போலீசார் ஒரு பெரிய கதவைத் திறந்துவிட்டார்கள். உள்ளே வந்தவர்கள், ஏற்கனவே நிரம்பி வழிந்த பகுதிக்குள் போய்ச் சேர்ந்தார்கள். முன்னால் இரும்பு வேலி. காலிகள் மைதானத்துக்குள் ஓடாமல் தடுக்கப் போட்ட வேலி அது! அன்று அப்பாவிகளின் உயிரைக் குடித்தது.

97 உயிர்கள் போயின. அவர்களில் ஒருவர் 32 ஆண்டுகள் துன்பப்பட்டு 2021-ல் இறந்தார். இறந்தவர்களில் 10 வயதுச் சிறுவனும் உண்டு.

"உண்மை" என்று ஒரு பொய்

நான்காம் நாள், "சன்" பத்திரிகை முதல் பக்கத்தில் "உண்மை" என்று கொட்டை எழுத்தில் தலைப்புப் போட்டது. இறந்தவர்களின் சட்டைப்பையில் ரசிகர்கள் திருடினார்களாம்! உதவி செய்த போலீசாரை அடித்தார்களாம்! சில போலீசாரும் பார்லிமெண்டு உறுப்பினர் ஒருவரும் சொன்ன பேச்சு அது. தீர விசாரிக்காமல் அச்சில் ஏறியது.

உண்மை என்ன? அங்கிருந்த ரசிகர்கள் விளம்பரப் பலகைகளைப் பிய்த்து, காயம் அடைந்தவர்களை அவற்றில் தூக்கிச் சென்றார்கள்.

போலீசார் கூட்டத்தைச் சமாளிக்கத் தவறியதே முக்கியக் காரணம் என்று, நீதிபதி டெய்லர் அதே ஆண்டில் அறிக்கை கொடுத்தார். ஆனாலும் பழி மறையவில்லை. 2012-ல் வெளியான மற்றொரு அறிக்கை, போலீசாருக்குப் பாதகமான பகுதிகள் 116 வாக்குமூலங்களில் நீக்கப்பட்டன அல்லது மாற்றப்பட்டன என்று அம்பலப்படுத்தியது. பிரதம மந்திரி கேமரான் பார்லிமெண்டில் மன்னிப்புக் கேட்டார். "சன்" பத்திரிகையும் முதல் பக்கத்தில் மன்னிப்புக் கேட்டது. 2016-ல் ஜூரிகள், ரசிகர்கள் மீது குற்றம் இல்லை என்று முடிவு கூறினார்கள்.

பழி சுமத்த நான்கு நாள். அதைத் துடைக்க 27 ஆண்டுகள்! மகனைப் பறிகொடுத்த பெற்றோர் பலர், அந்தத் தீர்ப்பைக் கேட்காமலே கண்ணை மூடிவிட்டார்கள். லிவர்பூல் நகரில் பல கடைகள் இன்றும் அந்தப் பத்திரிகையை விற்பது இல்லை.

ஏன் இந்தப் பொய் எளிதில் எடுபட்டது? கால்பந்து ரசிகன் என்றால் காலி என்ற எண்ணம் முன்பே வேரூன்றி இருந்தது. கெட்ட பெயர் எடுத்தவன் மீது எதைச் சொன்னாலும் ஊர் நம்பும்.

கலவரம் செய்தவனை அடையாளம் காட்டுவது பத்திரிகையின் கடமை. அவன் பக்கத்தில் நின்றவனையும் சேர்த்துக் குற்றவாளி ஆக்குவது அநியாயம். கூட்டத்தில் ஒருவர் இறந்தால், "கதவைத் திறந்தது யார்? வேலி போட்டது யார்?" என்ற கேள்விகள் முதலில் எழட்டும். பழி சொல்வதற்கு அவசரம் வேண்டாம்.