நடுவில் எழுந்து போகலாமா?

சிங்கப்பூரில் வெயிலுக்குப் பஞ்சமே இல்லை. ஆண்டு முழுக்கப் பகலில் 31, 32 டிகிரி. காற்றில் ஈரப்பதம் சராசரியாக 82 விழுக்காடு. பேருந்து நிறுத்தத்தில் சற்று நேரம் நின்றாலே சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். இப்படிப்பட்ட ஊரில், ராஃபிள்ஸ் பிளேசிலும் தஞ்சோங் பகாரிலும் வேலை முடிந்து வருகிறவர்கள் காசு கொடுத்து, சூடேற்றிய அறைக்குள் போய் நின்று வியர்க்கிறார்கள். நானும் அவர்களில் ஒருத்தி. இந்தத் தீவில் இதுவரை பதிவான உச்ச வெப்பம் 37 டிகிரி. 1983இல் தெங்காவில் ஒருமுறை, 2023 மே மாதம் அங் மோ கியோவில் ஒருமுறை. ஹாட் யோகா அறையில் 40 டிகிரி. சூரியனே இங்கே தராத சூட்டை ஹீட்டரிடம் கேட்டு வாங்கிக்கொள்கிறோம்.

கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அவர்கள் என் அலுவலகத்தில் ஒருநாள் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அங்கே பன்னிரண்டு மாதமும் மார்கழிதான். நாற்காலிக்கு நாற்காலி ஒரு ஸ்வெட்டர் தொங்கும். பிரதமரானதும் முதல் வேலையாக அரசாங்க அலுவலகங்களில் குளிர்சாதனம் பொருத்தச் செய்ததாக லீ குவான் இயூ சொல்லியிருக்கிறார். வெப்ப மண்டலத்தில் நாள் முழுக்க மூளை வேலை செய்ய அதுவே வழி என்பது அவர் வாதம். மூளை வேலை செய்தது, உண்மைதான். கழுத்தும் தோளும் என்ன ஆயின என்று யாரும் கேட்கவில்லை. கணக்குப் பிரிவில் மாதக் கடைசி என்றால் என்னவென்று தெரிந்தவர்களுக்கு மேலே சொல்ல வேண்டியதில்லை. மாலை ஆறரைக்கு என் தோள்கள் இரண்டும் காது வரை ஏறியிருக்கும்.

அந்தத் தோள்களோடு யோகா அறைக்குள் நுழைந்தால், முதலில் வியர்வை நாற்றம். கம்பளம், ரப்பர் பாய், நேற்றைய வகுப்பின் மிச்சம் எல்லாம் கலந்தது. அது பழக நாளாகும். பாய்மேல் பெரிய துண்டை விரித்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் பாதம் வழுக்கும். எதிரே சுவர் முழுக்கக் கண்ணாடி. ஆசிரியர் காதோரம் மைக் மாட்டிக்கொண்டு மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டே போவார். மூச்சு விடச் சொல்வதும் முட்டியை இறுக்கச் சொல்வதும் அட்சரம் பிசகாமல் தினமும் ஒரே வாசகம். மூச்சுப் பயிற்சியில் தொடங்கி கபாலபாதியில் முடியும் 26 பயிற்சிகள், பெரும்பாலானவை இரண்டு சுற்று, மொத்தம் 90 நிமிடம். பாதி ஆசனங்கள் நின்றுகொண்டு, பாதி தரையில். சிரசாசனமோ சர்வாங்காசனமோ கிடையாது. கருடாசனத்தில் ஒரு கையை மற்றொன்றோடு பின்னினால் வியர்வையில் வழுக்கி அவிழ்ந்துகொள்ளும். கண்ணுக்குள் உப்பு இறங்கும். துடைக்கக் கை ஒழியாது.

இந்த நிலையில் மாதக் கணக்கு நினைவுக்கு வருமா? வராது. மனத்தை ஒருமுகப்படுத்திவிட்டதாக நான் பீற்றிக்கொள்ள மாட்டேன். 40 டிகிரியில் ஒற்றைக் காலில் நிற்கிற மனத்துக்கு வேறு போக்கிடம் இல்லை, அவ்வளவுதான். பக்கத்துப் பாயில் வருகிற கோயம்புத்தூர்ப் பெண், வங்கி ஒன்றில் மென்பொருள் வேலை பார்ப்பவள், இதை என்னைவிடச் சுருக்கமாகச் சொன்னாள்: "உள்ள வந்துட்டா ஃபோன் லாக்கர்ல இருக்கும்க்கா. ஒன்றரை மணி நேரம் யாராலயும் என்னைப் பிடிக்க முடியாது. நான் காசு குடுக்கறது அதுக்குத்தான்."

சூட்டுக்கு அல்ல, அந்தப் பொழுதுக்கே காசு என்று அவள் சொன்னதற்கு ஆய்வும் ஓரளவு துணை நிற்கிறது. 2018இல் டெக்சஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் ஒரு சோதனை செய்தார்கள். உட்கார்ந்தே காலம் கழிக்கும் நடுவயதினருக்கு இதே 26 பயிற்சிகளை 12 வாரம் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு குழுவுக்குச் சூடான அறையில், இன்னொரு குழுவுக்குச் சாதாரண அறையில். இரண்டு குழுவிலும் ரத்தக்குழாய்களின் விரியும் திறன் கூடியது. அந்தத் திறனில் சூடு தனியாக எதையும் சேர்க்கவில்லை. மனச்சோர்வு பற்றி பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் நடத்தி 2023இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் உற்சாகமானது. எட்டு வாரம் சூடான யோகா செய்தவர்களில் பத்துக்கு ஆறு பேருக்கு அறிகுறிகள் பாதியோ அதற்கு மேலோ குறைந்தன. காத்திருப்புப் பட்டியலில் இருந்தவர்களில் அப்படிக் குறைந்தவர்கள் 6 விழுக்காட்டுக்குச் சற்று மேல். ஆனால் ஒப்பிட்டது சும்மா காத்திருந்தவர்களோடுதான். சூட்டின் பங்கு எவ்வளவு, ஆசனத்தின் பங்கு எவ்வளவு, வாரத்தில் ஒரு பொழுதைத் தனக்கென்று ஒதுக்கியதன் பங்கு எவ்வளவு என்று அதிலிருந்து பிரித்தெடுக்க முடியாது.

நச்சு வெளியேறுகிறது என்பார்கள், நம்பாதீர்கள். அந்த வேலைக்குக் கல்லீரலும் சிறுநீரகமும் இருக்கின்றன. வியர்வை பெரும்பாலும் தண்ணீரும் உப்பும். வகுப்பு முடிந்ததும் எடை குறைந்து காட்டுவதும் தண்ணீர்தான், இரண்டு குவளை குடித்தால் திரும்பி வந்துவிடும்.

இந்த 26ஐத் தொகுத்து, சூடேற்றி, உலகமெங்கும் விற்றவர் கொல்கத்தாவின் பிக்ரம் சௌத்ரி. அவருடைய குரு பிஷ்ணு சரண் கோஷ், பரமஹம்ச யோகானந்தரின் தம்பி, உடற்பயிற்சி வித்தகர். கோஷின் பள்ளியில் ஆளைப் பார்த்து, நோயைப் பார்த்து ஆசனம் சொல்வார்கள். சீடர் 1970களில் அமெரிக்கா போய், எல்லாருக்கும் ஒரே 26, ஒரே சூடு, ஒரே வாசகம் என்று மாற்றினார். பெவர்லி ஹில்ஸ் நட்சத்திரங்கள் வந்தார்கள், பணம் கொட்டியது. இந்த வரிசை என் சொத்து என்று வழக்காடியும் பார்த்தார். ஆசன வரிசைக்குப் பதிப்புரிமை கிடையாது என்று 2015இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. இன்று பல இடங்களில் அவர் பெயர் இல்லாமல் 'ஹாட் 26' என்று பலகை தொங்குவதற்கு அந்தத் தீர்ப்பு ஒரு காரணம். பெயரை உதறுவதற்கு இன்னும் வலுவான காரணம் உண்டு. 2013 முதல் பல பெண்கள் அவர்மேல் பாலியல் வன்கொடுமை வழக்குத் தொடுத்தார்கள். அவர் மறுத்தார். அவருடைய முன்னாள் சட்ட ஆலோசகரான பெண்ணுக்கு 70 லட்சம் டாலருக்கு மேல் இழப்பீடு தரச்சொல்லி 2016இல் நடுவர் குழு தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு பிடியாணை பிறந்தபோது ஆள் அமெரிக்காவில் இல்லை.

அந்த மனிதர் வகுப்பில் வைத்திருந்த ஒழுங்கு என்னை அதிகம் உறுத்துகிறது. நினைத்தபோது தண்ணீர் குடிக்கக் கூடாது. முதல் மடக்கு கருடாசனம் முடிந்த பிறகுதான். அறையை விட்டு வெளியேறக் கூடாது. புதிதாக வருகிறவருக்கு, ஆசனம் வராவிட்டால் பரவாயில்லை, அறைக்குள் இரு, அது போதும் என்று பாடம். கேட்க இதமாகத்தான் இருக்கும். தலைசுற்றி எழுந்தவரை எல்லார் முன்னாலும் அதட்டி உட்கார வைப்பதற்கும் அதே பாடம் உதவியது. உடம்பு போதும் என்று சொல்லும்போது குருவின் முகத்தைப் பார்க்கப் பழகியவர்கள், வகுப்புக்கு வெளியிலும் அப்படியே பழகிப்போவார்கள். அவரைப் பற்றிய வழக்குகளைப் படித்தபோது எனக்கு இந்த அறைதான் கண்முன் வந்தது.

சூட்டில் வேலை செய்வதைப் பற்றிச் சிங்கப்பூரில் ஒரு விதி உண்டு. வெயில், ஈரப்பதம், காற்று எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிடும் வெப்பக் குறியீடு 32 டிகிரியைத் தொட்டால், வெளியில் கடும் உடலுழைப்பு செய்கிறவருக்கு மணிக்கு ஒருமுறை குறைந்தது 10 நிமிட ஓய்வு தர வேண்டும் என்று மனிதவள அமைச்சு 2023 அக்டோபரில் விதி கொண்டுவந்தது. புதிதாக வந்த ஊழியரைக் குறைந்தது ஏழு நாளில் படிப்படியாகத்தான் வெயிலுக்குப் பழக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. புதுக்கோட்டையிலிருந்து வந்து கட்டுமானத் தளத்தில் கம்பி கட்டுகிற தம்பிக்காக எழுதிய விதி இது. அவனுக்கு வெயில் பழகாதது அல்ல. ஆனாலும் ஏழு நாள். குளிர்சாதன அறையில் பத்து ஆண்டு உட்கார்ந்த என்னைப் போன்றவளை முதல் நாளே 90 நிமிடம் உள்ளே நிறுத்துகிறார்கள், கூடவே முன்பணச் சலுகைப் பற்றுச்சீட்டும் நீட்டுகிறார்கள்.

இந்தச் சூடு எனக்கு இளைப்பாறுதலாகவும் அவனுக்குப் பிழைப்பாகவும் இருக்கிறது. வேண்டாம் என்றால் நான் பாயைச் சுருட்டிக்கொண்டு போய்விடலாம். அவன் போக முடியாது. எனக்குச் சூடு சுகமாக இருப்பதற்கே, நினைத்தால் போய்விடலாம் என்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன். விலக முடிகிற சிரமம்தான் மனத்தைத் தளர்த்தும். மாதக் கடைசி அலுவலகத்தில் இல்லாதது அது ஒன்றுதானே.

சூடு, வியர்வை விஷயத்தில் பழைய யோக நூலார் நிதானமானவர்கள். பதினைந்தாம் நூற்றாண்டின் ஹட யோகப் பிரதீபிகை, பயிற்சியில் வருகிற வியர்வையை உடம்பிலேயே தேய்த்துக்கொள்ளச் சொல்கிறது. தொடக்க நிலையில் இருப்பவர் நெருப்பருகே இருப்பதைத் தவிர்க்க வேண்டும் என்றும் அதே நூல் சொல்கிறது. வியர்வை உழைப்பிலிருந்து வரட்டும், நெருப்பிலிருந்து வேண்டாம் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். ஹீட்டர் விற்பவர்கள் வேறு மாதிரி எடுத்துக்கொள்ளலாம்.

நான் இன்னும் போகிறேன். இப்போது போகிற இடத்தில் கதவோரம் பாய் விரித்துக்கொள்வேன். ஆசிரியர் சீனப் பெண்மணி, கண்ணாடியிலேயே எல்லார் முகத்தையும் கவனிப்பவர். உஷ்டிராசனத்தில் பின்னால் வளைந்து எழும்போது எனக்குக் கண் இருட்டும். எழுந்து வெளியே போய் நின்றுவிட்டு வருவேன், அவர் வாசகத்தை நிறுத்தாமல் தலையை மட்டும் அசைப்பார்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. கர்ப்பிணிகள், இதய நோய் உள்ளவர்கள், ரத்த அழுத்தத்துக்கோ சிறுநீர் போக்கவோ மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இந்த அறைக்குள் போக வேண்டாம். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டும் போகாதீர்கள், தண்ணீர் குடிக்காமலும் போகாதீர்கள். பணம் கட்டுவதற்கு முன் முகப்பில் இருப்பவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: நினைத்தபோது தண்ணீர் குடிக்கலாமா, நடுவில் எழுந்து போகலாமா? கூடாது என்றால் வந்த வழியே திரும்பிவிடுங்கள். சமூக மன்றங்களில் சாதாரண அறையில் யோகா வகுப்பு நடக்கிறது, கட்டணமும் குறைவு. கைத்தொலைபேசியை அங்கேயும் பைக்குள் போட்டு வைக்கலாம்.