யானைக்கு வைக்கும் குறி

யானை வேட்டைக்காரர்களின் பழைய கதைகளில் அடிக்கடி வரும் ரைஃபிள் '470 நைட்ரோ எக்ஸ்பிரஸ்'. இரட்டைக் குழல். குண்டின் விட்டம் சுமார் 12 மில்லிமீட்டர், எடை 32 கிராம். காட்டுக்குள் நுழையும் முன் அதைச் சுட்டுப் பார்த்தாக வேண்டும். இரண்டு குழல்களும் ஒரே இடத்தில் குண்டைச் சேர்க்கின்றனவா, காலித் தோட்டா சிக்காமல் வெளியே வருகிறதா என்பதே சோதனை. மூணாறு மலைகளில் தேயிலைத் தோட்டத் துரைமார்கள் சங்கம் அமைத்து வேட்டையாடிய காலம் அது.

அதே மலைகளில் இன்று யானையைக் குறிபார்க்கிறவர் கால்நடை மருத்துவர். மயக்க ஊசித் துப்பாக்கிகளில் 13 மில்லிமீட்டர் குழல் கொண்டவை உண்டு. துரைமார்களின் ரைஃபிளைவிடப் பெரிது! ஆனால் நோக்கம் நேர் எதிரானது. குண்டு எவ்வளவு பலமாக அடிக்கிறது என்று அன்று பார்த்தார்கள். ஊசி எவ்வளவு மென்மையாகப் போய்ச் சேர்கிறது என்று இன்று பார்க்க வேண்டியிருக்கிறது.

பயிற்சியில் மருந்துக்குப் பதில் தண்ணீர் நிரப்புவார்கள். காலி ஊசி பறக்கும் பாதை வேறு, நிரம்பிய ஊசியின் பாதை வேறு. 20, 30, 40 மீட்டர் என்று பலகையைத் தள்ளித் தள்ளி வைத்து, எந்தத் தூரத்துக்கு எவ்வளவு வாயு அழுத்தம் என்று குறித்துக்கொள்கிறார்கள். அழுத்தம் குறைந்தால் ஊசி வழியிலேயே தாழ்ந்துவிடும். கூடினால் சதையைக் கிழிக்கும் அல்லது பட்ட வேகத்தில் தெறித்துவிடும். சில இடங்களில் 2 சென்டிமீட்டருக்கும் மேல் தடித்த தோலைத் தாண்டி ஊசி தசைக்குள் இறங்கினால்தான் மருந்து வேலை செய்யும்.

சட்டத்தின் கண்ணில் இதுவும் வேட்டைதான். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், பிடிப்பதையும் 'வேட்டை' என்ற சொல்லுக்குள் அடக்குகிறது. தலைமை வனவிலங்குக் காப்பாளரின் உத்தரவு இல்லாமல் ஓர் ஊசிகூடப் போட முடியாது.

பலகையில் சோதிக்க முடியாதவைதான் ஏராளம். பலகைக்கு எடை கிடையாது. எதிரே நிற்கும் ஆண் யானை நாலு டன்னா, ஐந்தா? கண்ணால் மதிப்பிட்டுத்தான் மருந்தின் அளவை முடிவு செய்ய வேண்டும். ஊசி பட்ட பிறகு பலகை ஓடுவதுமில்லை. மருந்து பிடிக்கக் கால் மணி நேரமோ அதற்கு மேலோ ஆகலாம். அதற்குள் யானை பள்ளத்திலோ தண்ணீரிலோ இறங்கிவிட்டால் குறி தப்பாததாலேயே அது சாகும். நின்றபடியே மயங்க வேண்டும்; விழுந்து மார்பில் எடை அழுந்தினால் மூச்சு முட்டும்.

பாலக்காடு நகரை அடுத்த தோணியில் 'பிடி-7' யானைக்காக டாக்டர் அருண் சக்கரியாவின் குழு 2023 ஜனவரி 21 அன்று காத்திருந்தது. யானை செங்குத்தான சரிவில் ஏறிவிட்டது. சுட்டிருக்கலாம், திரும்பி வந்தார்கள். மறுநாள் காலை தோதான இடத்தில் நின்றபோது ஊசி பாய்ந்தது. விக்ரம், பரதன், சுரேந்திரன் என்ற மூன்று கும்கிகள் அதை லாரியில் ஏற்றின.

இடுக்கி மாவட்டம் சின்னக்கானலில் ரேஷன் கடைகளை உடைத்து அரிசி தின்றதால் 'அரிக்கொம்பன்' என்று பேர் வாங்கிய யானையிடமும் முதல் நாள் வெறுங்கை. இரண்டாம் நாளான ஏப்ரல் 29 அன்று பலமுறை ஊசி போட்டு, கொட்டும் மழையில் லாரி ஏற்றினார்கள். அதைப் பாலக்காடு மாவட்டத்துப் பரம்பிக்குளத்தில் விட நீதிமன்றம் சொன்னபோது, அங்கே முதலமடை மக்கள் தெருவில் இறங்கினார்கள். பெரியாறு காட்டில் விட்டார்கள். ஒரு மாதத்துக்குள் அது கம்பம் வீதிகளில் ஓடிக்கொண்டிருந்தது. ஜூன் 5 அன்று தமிழக வனத்துறை மீண்டும் ஊசி போட்டுக் களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோனது.

எல்லா யானைக்கும் இந்த அதிர்ஷ்டம் இல்லை. வயநாட்டின் மானந்தவாடிக்குள் நுழைந்த 'தண்ணீர்க்கொம்பன்' 2024 பிப்ரவரி 2 அன்று பிடிபட்டு, மறுநாள் பந்திப்பூரில் இறந்தது. சில வாரங்களில் அதற்கு அது இரண்டாம் மயக்கம்.

தோணி யானையைக் கூண்டில் வைத்துப் பரிசோதித்தவர்களுக்கு வேறொன்று தெரியவந்தது. அதன் உடலில் சுமார் 15 ஈயக் குண்டுகள். ஒரு கண்ணில் பார்வை இல்லை. வயலைக் காக்க இரவில் யார் யாரோ சுட்டவை. அந்தத் துப்பாக்கிகளுக்கு உத்தரவும் கிடையாது, ஒத்திகையும் கிடையாது. வலியோடு திரிந்த அந்த யானையைத்தான் பாலக்காட்டில் முரட்டு யானை என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.