மூன்றாமவருக்கும் ஓர் அத்தியாயம்

ஆடிக் கிருத்திகையன்று புஷ்பக் காவடி சுமந்து திருத்தணி மலையின் 365 படிகளையும் ஏறிச் செல்லும் பக்தர்களில் பெரும்பாலோர், அங்கே கோயில் கொண்டிருப்பவனைச் சினம் தணிந்த தெய்வமாகவும் வள்ளி மணவாளனாகவும் போற்றுகிறார்களேயன்றி, கச்சியப்ப சிவாச்சாரியார் கந்தபுராணத்திலே வள்ளி திருமணத்தை, முற்பிறவியில் கொடுத்த வாக்கு நெடுங்காலம் கழித்து நிறைவேறும் கதையாக அமைத்திருக்கிறார் என்பதை எண்ணிப் பார்ப்பவர் சிலரே. திருமாலின் புதல்வியரான அமுதவல்லி, சுந்தரவல்லி இருவரும் முருகனை விரும்பித் தவமிருந்தார்கள். மூத்தவள் இந்திரனிடம் வளர்ந்து தெய்வயானையானாள். இளையவள் வேடர் குடியில் வளர்ந்து வள்ளியானாள். ஆகவே தினைப்புனத்தில் வேடனாகவும் வேங்கை மரமாகவும் கிழவனாகவும் வந்து நின்றவன் புதிதாக ஒரு பெண்ணைக் கண்டு மயங்கியவன் அல்லன். பழைய கடனைத் தீர்க்க வந்தவன்.

பிரிந்த காதலர் பல்லாண்டுகளுக்குப் பின் மீண்டும் சந்திக்கும் கதைக்குத் தமிழ் வாசகரிடம் குன்றாத செல்வாக்கு இருக்கிறது. சென்னையில் ரயில் ஏறுமுன் வாங்கி, அரக்கோணம் வருவதற்குள் வாசித்து முடித்துவிடக் கூடிய மாத நாவல்களிலும், இப்போது கைபேசியிலேயே அத்தியாயம் அத்தியாயமாக வெளிவரும் தொடர்களிலும் அதுவே திரும்பத் திரும்ப வருகிறது. அவற்றை இகழ்வது படித்தவர்களுக்கு எளிது. எனக்கு அதில் சம்மதமில்லை. ஜாதகமும் ஜாதியும் சீர்வரிசையும் முறைமாப்பிள்ளை உரிமையும் சேர்ந்து விவாகத்தை நிச்சயிக்கிற ஒரு சமூகத்தில், வாய்விட்டுச் சொல்ல முடியாத ஒரு பெயரை நெஞ்சில் வைத்துக்கொண்டே குடும்பம் நடத்தி, பேரன் பேத்தி எடுத்தவர்கள் எத்தனையோ பேர். அவர்களுக்குக் கற்பனையிலேனும் ஒரு மறு சந்தர்ப்பத்தை அளிக்கும் நாவலாசிரியரைக் குறை கூற எவருக்கு உரிமை உண்டு?

என் ஆட்சேபம் வேறு. பழைய காதலனும் காதலியும் மீண்டும் கூட வேண்டுமென்றால், இடையே வந்து சேர்ந்த மனிதர் ஒருவரை என்ன செய்வது என்ற பிரச்னை எழுகிறதல்லவா? நம் ஆசிரியர்கள் பலர் அதைத் தீர்க்கும் முறை மிகவும் சௌகரியமானது: கதாநாயகியின் கணவன் மூன்றாம் அத்தியாயத்திலேயே கார் விபத்தில் இறந்துவிடுவான், இறக்காவிட்டால் குடிகாரனாக இருப்பான், கதாநாயகனுக்கு மனைவி வாய்த்திருந்தால் அவள் பணத்தாசை பிடித்தவளாகவும், தக்க சமயத்தில் விவாகரத்துக் கோருபவளாகவும் அமைவாள். இருபது ஆண்டுகள் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்து, காய்ச்சலில் கஞ்சி வைத்துக் கொடுத்து, பள்ளிக்கூடச் சம்பளத்துக்காகக் கடன் வாங்கிய ஒரு நல்ல மனிதரைக் கதைக்குள் விட அவர்களுக்குத் துணிவில்லை. விட்டால் வாசகரின் கண்ணீர் காதலர்மீது மட்டும் சொரியாமல் அவர் மீதும் சிந்திவிடுமே என்ற அச்சம் போலும்!

1975-ஆம் ஆண்டு ஞானபீடப் பரிசு பெற்ற அகிலனின் ‘சித்திரப்பாவை’யை இவ்விஷயத்தில் நான் மதிக்கிறேன். ஓவியன் அண்ணாமலையை நேசித்த ஆனந்தி, மாணிக்கம் பலவந்தமாக முத்தமிட்ட காரணத்தினாலேயே அவனுக்கு உரியவளாகிவிட்டதாகக் கருதி அவனை மணக்கிறாள். பின்னர், அவன் உயிரோடிருக்கும்போதே தாலியைக் கழற்றிவிட்டுப் பழைய அன்பிடம் திரும்புகிறாள். கணவனைச் சாகடித்து வழியமைக்காத அந்த நேர்மை பெரிது. ஆயினும் மாணிக்கத்தை முழுக்க முழுக்கத் தீயவனாக்கியதால், ஆனந்தி விட்டுச் செல்லும் வீட்டில் வருந்தத்தக்க எதுவுமே மிஞ்சவில்லை. எனவே வாசகனின் மனச்சாட்சி அதிகமாகச் சோதிக்கப்படவில்லை.

காப்ரியேல் கார்சியா மார்க்கேஸ் 1985-இல் வெளியிட்ட ‘காலரா காலத்தில் காதல்’ நாவலிலும் கணவர் இறக்கத்தான் செய்கிறார். மாமரத்தில் ஏறிக்கொண்ட கிளியைப் பிடிக்கப் போய் ஏணியிலிருந்து விழும் அந்த வைத்தியருக்கு அப்போது வயது எண்பதைக் கடந்துவிட்டது. இளமையில் கைவிடப்பட்ட காதலன் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்து வருவதற்குள், அந்தத் தம்பதியரின் சண்டையும் சமாதானமும், குளியலறையில் சோப்பு வைக்கவில்லை என்பதற்காக மாதக்கணக்கில் பேசாதிருந்த வைராக்கியமும், வயோதிகத்தில் ஒருவரையொருவர் நம்பியே நடமாடிய நிலையும் நமக்குப் பரிச்சயமாகிவிடுகின்றன. மறு சந்தர்ப்பம் எதன்மேல் நின்று எழுகிறது என்று அறிந்துகொண்ட பிறகே ஆசிரியர் நம்மை அதனிடம் அழைத்துச் செல்கிறார்.

கச்சியப்பரும் இதை மறக்கவில்லை. வள்ளியை மணந்தபின் முருகன் அவளோடு தணிகைமலையில் தங்கி, பிறகு கந்தவெற்புக்கு அழைத்துச் செல்கிறான். அங்கே தெய்வயானை இருக்கிறாள். வள்ளி அவளை வணங்குகிறாள், அவள் எடுத்துத் தழுவிக்கொள்கிறாள், பின்பு இவளது வரலாறு என்னவென்று கணவனைக் கேட்கிறாள், அவனும் முற்பிறவிக் கதையை விளக்குகிறான். இருவரையும் முன்னமே சகோதரிகளாக்கி வைத்துக் கவிஞர் சிக்கலை எளிதாக அவிழ்த்துவிட்டார் என்று இக்காலத்துப் பெண் வாசகர் முகம் சுளிக்கலாம், அது நியாயமே. ஆனால் மூன்றாமவர் வாய் திறந்து கேள்வி கேட்கவும், அதற்குப் பதில் பெறவும் காவியத்தில் இடம் இருந்தது.

திருத்தணியையே களமாகக் கொண்டு இத்தகைய நாவலொன்றை எழுத யாரேனும் முன்வரக்கூடாதா? எல்லை மாற்றச் சட்டத்தின்படி 1960 ஏப்ரல் 1-இல் சென்னை மாநிலத்தோடு சேரும் வரை ஆந்திரத்துச் சித்தூர் ஜில்லாவில் இருந்த ஊர் இது, ம.பொ.சி. முதலியோர் நடத்திய போராட்டத்தின் ஞாபகம் முதியவர்களிடம் இன்னும் உண்டு. வீட்டில் தெலுங்கும் வீதியில் தமிழும் பேசும் குடும்பங்கள் இங்கே ஏராளம். பொதட்டூர்பேட்டைத் தறிக்காரர் மகனும் எல்லைக்கு அப்பால் நகரியிலுள்ள நெசவாளர் மகளும் பிரிவதற்குக் காணாமற் போன கடிதமோ பொய்க் கோள் சொல்லும் அத்தையோ தேவையில்லை; ஒரு ஜாதகக் கட்டும், தறி வாங்கிய கடனும் போதும். முப்பது ஆண்டுகள் கழித்து, மலைமேல் நடக்கும் யாரோ உறவினர் வீட்டு முகூர்த்தத்தில் அவர்கள் எதிர்ப்படட்டும். அன்று அவளுடன் வந்திருக்கும் கணவர் குடிகாரராக அல்லாமல், நல்லவராக, சற்று அசமந்தராக, அவளுடைய மூட்டுவலித் தைலத்தைத் தம் பையில் சுமந்து வருபவராக இருக்கட்டும். ‘அவர் யாரம்மா?’ என்று அவர் கேட்கும்போது அவள் சொல்லும் பதிலை எழுதத் துணிகிற ஆசிரியரின் நாவலை நான் விலை கொடுத்து வாங்குவேன். கணவன் விபத்தில் இறக்கும் நாவல்கள் என் அலமாரியில் ஏற்கெனவே வேண்டிய மட்டும் இருக்கின்றன.