விமானியாக விரும்பும் வன்னி இளைஞனும் இலவசக் கல்வியின் எல்லையும்

'விமானமோட்டல் செல்வர் வீட்டுப் பிள்ளைகளின் விளையாட்டு. ஆசையுள்ளவன் உழைத்துக் கட்டட்டும்' என்று கூறுவோர் நம்மிடையே பலர் உளர். படித்தவர்களும் இதனையே கூறுகின்றனர் என்பதுதான் வருத்தத்திற்குரியது. 1945 முதல் இலவசக் கல்வியின் பயனை நுகர்ந்து மருத்துவராகவும் பொறியியலாளராகவும் விரிவுரையாளராகவும் உயர்ந்த ஒரு சமூகம், மற்றொரு தொழிலின் வாயிலில் மட்டும் 'பணம் கொண்டு வா' என்பது எந்த நியாயத்தின்பாற்பட்டது?

'உழைத்துக் கட்டட்டும்' என்பதைச் சற்று ஆராய்வோம். கிளிநொச்சிக் கடையொன்றிற் கணக்கெழுதித் தாயையும் இளைய சகோதரரையும் தாங்கும் ஓர் இளைஞனை எடுத்துக்கொள்வோம். வர்த்தக விமானி அனுமதிப்பத்திரத்துக்குச் சர்வதேச விதிப்படி 200 மணித்தியாலப் பறப்பு வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட தொடர் பயிற்சியாயின் 150. எரிபொருளும் உதிரிப்பாகங்களும் டொலர் கொடுத்து வாங்கப்படுவன. 2022இல் டொலரின் விலை ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவரை ஏறிற்று. அவனுடைய சம்பளம் அவ்வாறு ஏறவில்லை. முழுச் செலவோ பல மில்லியன் ரூபா. ஆகவே, மிச்சம் பிடித்த காசுக்கு ஒரு மணித்தியாலம், இரண்டு மணித்தியாலமாகவே அவன் பறக்கலாம்.

அநீதி முழுமையாக வெளிப்படுவது இங்கேதான். பறத்தல் கையும் கண்ணும் பழகும் வித்தை. இடைவெளி விழுந்தால் மறக்கும். மூன்று மாதங் கழித்து வருபவன் புதியதைக் கற்குமுன் பழையதை மீளப் பயிலவேண்டும். அந்த மணித்தியாலத்துக்கும் அவனே பணங் கட்டவேண்டும். 12 மாதமே செல்லுபடியாகும் முதலாந்தர மருத்துவச் சான்றிதழையும், பயிற்சி நீள நீள, புதுப்பிக்கவேண்டும். இரத்மலானை கிளிநொச்சியிலிருந்து 300 கிலோமீற்றருக்கு அப்பால் உள்ளது. இரவு பஸ்ஸிற் போய் இறங்குபவனை மழைமுகில் திருப்பியனுப்பினால் அன்றைய கூலியும் போயிற்று, பயணச் செலவும் போயிற்று. ஒரே அனுமதிப்பத்திரத்துக்குச் செல்வன் கொடுப்பதினும் வறியவன் கூடுதலாகக் கொடுக்கின்றான்!

'கடன் பெறலாமே' என்பர். வங்கி ஈடு கேட்கும். வன்னியின் குடியேற்றத் திட்டக் காணிகள் 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் வழங்கப்பட்டவை. அவற்றை விரும்பியவாறு விற்கவோ ஈடுவைக்கவோ இயலாது. 2017இல் அறிமுகமான வட்டியில்லாக் கல்விக் கடன் பட்டப் படிப்புகளுக்கென வகுக்கப்பட்டது. விமானி அனுமதிப்பத்திரம் பட்டமன்று. போருக்குப்பின் வன்னியின் படலைவரை தேடிவந்த கடன் நுண்கடன்தான். அது நம் பெண்களைப் படுத்திய பாட்டை இங்கு விரிக்க வேண்டியதில்லை.

'ஆசிரியர் இல்லாத ஊருக்கு விமானி எதற்கு?' என்பாரும் உளர். ஆசிரியரை நியமியாதது அரசின் குற்றம். அக்குற்றத்தைக் காட்டி இளைஞனின் வாய்ப்பை மறுப்பது விந்தையான தர்க்கம். ஐக்கிய அமெரிக்கா 1939இல் கல்லூரிகளினூடாகச் சிவில் விமானிப் பயிற்சித் திட்டமொன்றை அரசாங்கச் செலவில் நடத்திற்று. போர் நோக்கும் அதன் பின்னே இருந்தது உண்மையே. எனினும், விமான நிலையத்தின் வாயிலிலேயே நிறுத்தப்பட்டிருந்த கறுப்பின மாணவர் டஸ்கீகியிற் பறக்கக் கற்றது அத்திட்டத்தினாலேயே. அவர்களிடம் 'உழைத்துக் கட்டுக' என்றிருந்தால் எத்தனைபேர் பறந்திருப்பர்?

வன்னியில் ஒரு தலைமுறைக்கு விமானமென்றால் கிபிர். சத்தம் கேட்டதும் பங்கருக்குட் பாய்வதே அது கற்ற முதற் பாடம். போர்க்காலத்திற் புலிகள் அமைத்த இரணைமடு ஓடுபாதை 2009இல் அரச படைகளின் வசமாயிற்று. அந்த வானத்தையே தொழிலாக்க ஒருவன் விரும்புகின்றான் எனின் அதனை ஆடம்பரம் என்று நகைக்க நமக்கு உரிமையில்லை.

கல்விக் கடனை அனுமதிப்பத்திரப் பயிற்சிக்கும் விரிக்குமாறு கேட்கவேண்டும். அதுவும் துண்டு துண்டாக அன்றி, ஒரே தொடராகப் பயின்று முடிக்கப் போதிய தொகையாக. அதுவரை நாம் வாளாவிருக்க வேண்டுவதுமில்லை. அறிவியல் நகரிலே பொறியியற் பீடம் உண்டு. வவுனியாவில் 2021 முதல் தனிப் பல்கலைக்கழகமே உண்டு. விமானிப் பரீட்சையின் எழுத்துப் பாடங்கள் வானிலையியல், வழிகாணல், பறப்பின் தத்துவம், விமான விதிகள் முதலியன. வேலை முடிந்து மாலையில் வரும் இளைஞனுக்கு இவற்றுள் எதனைக் கற்பிக்க நம் விரிவுரையாளரால் இயலாது?