ரெட்டினா டாக்டரும் ஒரு தாள் காகிதமும்

ரெட்டினா டாக்டரிடம் போகச் சொன்னால் என் வயதுக்காரர்கள் பலர் போவதில்லை. போனவர்களிலும் சிலர் மறுமுறை போவதில்லை. "பெரியவர்களுக்கு அலட்சியம்" என்கிறார்கள் ஆஸ்பத்திரிக்காரர்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அங்கே என்ன நடக்கும் என்று முன்கூட்டியே சொல்லாததுதான் அலட்சியம்.

போன மாதம் நான் போன இடத்தில் சொட்டு மருந்து விட்டு, கண்ணை மூடி உட்காரச் சொன்னார்கள். எதற்கு, எவ்வளவு நேரம் என்று ஒரு வார்த்தை இல்லை. பக்கத்தில் ஓர் அம்மா, சர்க்கரை நோயாளி, இரத்தப் பரிசோதனை போல வெறும் வயிற்றில் வரவேண்டும் என்று நினைத்துச் சாப்பிடாமல் வந்திருந்தார். நான் படித்த பிரெஞ்சில் நோயாளிக்குப் 'பசியான்' என்று பெயர்; பொறுமைசாலிக்கும் அதே சொல்தான். அந்த அம்மாவுக்கு அது தமிழிலும் பொருந்திவிட்டது!

சொல்லவேண்டியது என்ன பெரிய ரகசியமா? நானே சொல்கிறேன்.

சொட்டு மருந்து கண்மணியை விரியவைக்க. அதற்கே அரைமணி நேரம் ஆகலாம். பிறகு சில மணி நேரம் வெயில் கூசும், எழுத்து மங்கும். வண்டி ஓட்டக்கூடாது, துணைக்கு ஆள் வேண்டும். டாக்டர் தலையில் விளக்கை மாட்டிக்கொண்டு உள்ளே பார்ப்பார். கூசுமே தவிர வலிக்காது. ஓ.சி.டி. என்பது விழித்திரையை அடுக்கடுக்காகப் படமெடுப்பது. கண்ணைத் தொடுவதே இல்லை. சிலருக்குக் கை நரம்பில் மஞ்சள் சாயம் ஏற்றிப் படமெடுப்பார்கள். அதன்பின் தோலும் சிறுநீரும் ஒரு நாள் மஞ்சளாக இருக்கும். இதைச் சொல்லாமல் அனுப்பினால் மனிதன் மஞ்சள்காமாலை என்று பயப்படமாட்டானா?

கண்ணுக்குள் ஊசி என்றதும் உயிர் போகிறது. மரத்துப்போக மருந்து விட்டுத்தான் போடுகிறார்கள்; சில நொடிகளில் முடிந்துவிடும். ஆனால் பெரும்பாலும் ஒரே ஊசியோடு தீராது. எத்தனை, என்ன செலவு, விலை குறைந்த மருந்து உண்டா என்று முதலிலேயே கேளுங்கள். ஊசிக்குப் பிறகு வலி, சிவப்பு அதிகமானாலோ பார்வை குறைந்தாலோ மறுநாள்வரை காத்திருக்கக்கூடாது.

மிக முக்கியமானது ஒன்று. இது காட்டராக்ட் ஆபரேஷன் போல மறுநாளே பளிச்சென்று தெரியவைக்கும் வைத்தியம் அல்ல. சர்க்கரையால் கெட்ட கண்ணுக்கு லேசர் வைப்பது பெரும்பாலும் இருப்பதைக் காப்பாற்றத்தான். இதை யாரும் சொல்லாததால், "காசும் போச்சு, பார்வையும் கூடல" என்று பாதியில் நிறுத்துகிறார்கள். பிறகு இருந்ததும் போகிறது.

கூட்டம் அதிகம், விளக்க நேரமில்லை என்பார்கள். அரசு அலுவலகத்தில் எங்களுக்கு மட்டும் கூட்டம் இல்லையா? எந்தச் சான்றிதழுக்கு என்ன தாள் வேண்டும் என்று வாசலில் பலகை மாட்டினோம். பாதிக் கேள்விகள் குறைந்தன. குமாஸ்தாக்களால் முடிந்தது டாக்டர்களால் முடியாதா? முன்பதிவின்போதே பெரிய எழுத்தில், தமிழில், ஒரே ஒரு தாள் கொடுங்கள். சொட்டு மருந்து விட்டபின் கொடுத்துப் பயனில்லை. அப்போது எங்களால் படிக்க முடியாது.

நம்மவர்களுக்கும் ஒரு வார்த்தை. சர்க்கரை இருந்தால், பார்வை நன்றாக இருந்தாலும் வருடம் ஒருமுறை விழித்திரையைக் காட்டுங்கள். திடீரென்று மின்னல் வெட்டினாலோ, கரும்புள்ளிகள் மிதந்தாலோ, திரை இறங்கினதுபோல் மறைத்தாலோ அன்றே ஓடுங்கள். சாப்பிட்டுவிட்டுப் போங்கள். கேள்விகளைச் சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள். பதில் வரும்வரை நாற்காலியைவிட்டு எழுந்திருக்காதீர்கள்.