கொல்லைப்புறத்துத் தீண்டாமை

2018 நவம்பர் 16. கஜா எனும் பெயர் தாங்கி வந்த புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறிற்று. ஓங்கி நின்ற தென்னைகள் ஒடிந்தன, உழவன் ஓலமிட்டான். பட்டுக்கோட்டையை அடுத்த சிற்றூர் ஒன்றில், ஒரு தென்னை ஓலைக் குடிசையின்மீது சாய்ந்தது. உள்ளே இருந்தவள் அப்போதுதான் பூப்பெய்திய சிறுமி. மாண்டாள்.

மரம் விழுந்தது புயலால். மகள் அந்தக் குடிசையில் கிடந்தது எதனால்? காற்றா கட்டிற்று அந்தக் குச்சை? 'தீட்டு' கட்டிற்று, தோழர்களே! பெற்றவர்களைப் பழிக்க நான் பேனா எடுக்கவில்லை. ஊர் செய்வதை அவர்களும் செய்தனர். ஊரைத்தான் கேட்கிறேன். நாடகம் எழுதுபவன் நான். இப்படியொரு காட்சியை மேடையில் வைத்திருந்தால் மிகை என்று நீங்களே நகைத்திருப்பீர்கள்.

புயலுக்கு ஏழு வாரம் முன்னர், செப்டம்பர் 28இல், சபரிமலை வழக்கில் தீர்ப்பு வந்தது. ஐவருள் ஒருவரான நீதிபதி சந்திரசூட், மாதவிலக்கைக் காட்டிப் பெண்ணை விலக்குவதும் அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு ஒழித்த தீண்டாமையின் வடிவமே என்றெழுதினார். உடனிருந்த நீதிபதி இந்து மல்கோத்ரா அதை ஏற்கவில்லை; 2019இல் வழக்கின் வினாக்கள் பெரிய அமர்வை நோக்கி நடந்தன. நடக்கட்டும்! நம் வீட்டுக் கதவைத் திறக்க நாம் எந்த அமர்வுக்குக் காத்திருக்கிறோம்?

தீட்டாவது, தீட்டு! கருவைத் தாங்கக் கருப்பை விரித்துவைத்த மெத்தை அது. கரு வராத திங்களில் கரைந்து வெளியேறுகிறது. அந்த மெத்தையில் படுக்காமல் பிறந்த ஆண்மகன் எவனாவது உண்டா?

தேநீர்க் கடையில் இரட்டைக் குவளையா என்று மேடையில் முழங்குகிறோம்; கையொலி வானைப் பிளக்கிறது. வீடு திரும்பினால் தாழ்வார மூலையில் தங்கைக்குத் தனித்தட்டு, தனிக்குவளை, தனிப்பாய்! 'தூரம்' என்று அதற்கொரு பெயர்.

பாதியில் கல்லூரியை விட்டவன் நான். ஆனாலும், படிப்பு பரவினால் இந்தத் தூரம் குறையுமென்று நம்பியிருந்தேன். 2025 ஏப்ரலில், பொள்ளாச்சிக்கருகே ஒரு தனியார் பள்ளியில், எட்டாம் வகுப்பு மாணவி மாதவிலக்கின் பேரால் வகுப்பறைக்கு வெளியே படிக்கட்டில் அமர்ந்து தேர்வெழுதினாள். பள்ளி முதல்வர் பணியிடைநீக்கம் செய்யப்பட்டார். அந்தப் படிக்கட்டு நம் வீட்டுத் திண்ணையிலிருந்து நீண்டதல்லவா?

சென்ற திங்கள் கிளைச் செயலாளர் ஒருவர் அழைப்பிதழோடு வந்தார். மகளுக்கு மஞ்சள் நீராட்டு விழா. தலைவர்கள் படம் போட்ட பெரும் பதாகை. நான் வாழ்த்துரை வழங்க வேண்டுமாம்.

"குழந்தையை எங்கே படுக்கவைத்தீர்கள்?" என்றேன்.

முகம் சுண்டிற்று அவருக்கு. "கொல்லைக் கொட்டகையில்தான் அண்ணே... ஆனால் மின்விசிறி வைத்துக் கொடுத்தோம்" என்றார்.